லிமொன்செல்லோ முதல் டிராமிசு வரை... இத்தாலிய வீடுகளில் சாப்பாடு முடிந்த பிறகுதான் கச்சேரியே!

இத்தாலிய சூப்பர் மார்க்கெட்டுகளில் இரண்டு விதமான ஆல்கஹால் பாட்டில்களைப் பார்க்கலாம். ஒன்று, இளஞ்சிவப்பு நிறம். ஜன்னல் கண்ணாடி துடைக்க, கறை நீக்க. யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே சாயம் கலந்து விற்கிறார்கள். இன்னொன்று, தண்ணீர்போல நிறமே இல்லாதது. 95 சதவிகிதம் சுத்தமான ஆல்கஹால். இதையும் அப்படியே யாரும் குடிப்பதில்லை. சமையலறைக்கு எடுத்துப் போய், எலுமிச்சைத் தோலையோ பச்சை வால்நட்டையோ அதில் ஊறப்போடுவார்கள்.

நாம் ஊறுகாய் ஜாடியை எந்தப் பக்குவத்தில் வைத்திருப்போமோ, கிட்டத்தட்ட அதே பக்குவத்தில் அந்த ஜாடியும் அலமாரியில் இருக்கும். எந்த மாதம் போட்டது, எத்தனை நாள் ஆயிற்று, எப்போது வடிகட்ட வேண்டும் என்பதெல்லாம் வீட்டில் ஒருவருக்கு மனப்பாடம். பெரும்பாலும் பாட்டிக்கு.

இந்தப் பானங்களுக்குப் பொதுப்பெயர் லிக்யூர். நம்மூர் போர்டுகளில் பார்க்கும் ‘லிக்கர்’ வேறு, இது வேறு. பழம், மூலிகை, மசாலா ஏதாவது ஒன்றின் மணத்தை ஆல்கஹாலில் இறக்கி, சர்க்கரை சேர்த்தது. கட்டைவிரல் உயரக் கிளாஸில், சாப்பாடு முடிந்த பிறகு ஒரே ஒரு முறை பரிமாறுவார்கள். கூடவே ஏதாவது இனிப்பு.

சாறு வேண்டாம், தோல் போதும்!

லிமொன்செல்லோதான் இவற்றில் உலகப் புகழ் பெற்றது. நேப்பிள்ஸுக்குத் தெற்கே இருக்கும் சொரெண்டோ, அமால்ஃபி, எதிரே காப்ரி தீவு... இந்த மூன்று ஊர்க்காரர்களும் ‘எங்கள் ஊரில்தான் பிறந்தது’ என்று சொல்வார்கள். யார் சொல்வது சரி என்பது இன்றுவரை முடிவாகவில்லை. வீடுகளில் தலைமுறைகளாகச் செய்துவந்த இதைக் காப்ரி தீவுக்காரர் ஒருவர் 1988-ல் வணிக முத்திரையாகப் பதிவு செய்தார். பாட்டிலில் அடைபட்டு உலகம் சுற்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அமால்ஃபி எலுமிச்சையை நம்மூர் எலுமிச்சையோடு ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் சாதம் கிளறும் சின்ன எலுமிச்சை, உண்மையில் லைம் வகை. அமால்ஃபியின் ‘ஸ்ஃபுசாட்டோ’ எலுமிச்சை உள்ளங்கை நிறையும். இரு முனையும் கூராக, நூல் நூற்கும் தக்ளிபோல நீண்டிருக்கும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். தோல் தடிமன், நகத்தால் கீறினாலே மணக்கும். சொரெண்டோ எலுமிச்சை 2000-லும் அமால்ஃபி எலுமிச்சை 2001-லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றன.

செய்முறை ஆச்சர்யப்படும் அளவுக்கு எளிது. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அளவு உண்டு என்றாலும், பொதுவாக 1 லிட்டர் ஆல்கஹாலுக்கு எட்டு முதல் பத்து எலுமிச்சை. மெழுகு பூசாத, மருந்து அடிக்காத பழமாக இருக்க வேண்டும். காரணம், இங்கே பயன்படுவது தோல் மட்டும்தான். பீலரால் மஞ்சள் தோலை மட்டும் மெலிதாகச் சீவ வேண்டும். அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி கொஞ்சம் வந்தாலும் கசப்பு ஏறிவிடும். சீவிய தோலை ஆல்கஹாலில் போட்டு, மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்துவிடுகிறார்கள். சிலர் ஒரு வாரத்தில் எடுப்பார்கள், சிலர் ஒரு மாதம் விடுவார்கள். தோல் வெளுத்து, ஒடித்தால் மொறுமொறுவென்று உடைந்தால் மணம் முழுவதும் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு 1 லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரில் 700 கிராம் சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறவிட்டு, வடிகட்டிய ஆல்கஹாலோடு சேர்ப்பார்கள். அந்த நொடியில்தான் வேடிக்கை. அதுவரை தெளிவாக இருந்த மஞ்சள் திரவம், பாகு பட்டதும் பால் கலந்ததுபோலக் கலங்கும். கெட்டுப்போனதாக நினைக்கத் தேவையில்லை. தோலில் இருக்கும் எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் சேர்ந்ததும் அது நுண்ணிய துளிகளாகப் பிரிந்து மிதக்கிறது. கலங்கினால் நல்ல எண்ணெய் இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள்.

95 சதவிகித ஆல்கஹால் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும் என்பதால், அடுப்பு எரியும்போது அந்த ஜாடியை யாரும் திறப்பதில்லை. இன்னொரு கண்டிப்பான விஷயம், வீட்டில் ஊறவைக்கலாம். காய்ச்சி வடிக்கக் கூடாது. இத்தாலியச் சட்டம் அதைத் தடுக்கிறது. 1986-ல் வடக்கு இத்தாலியில் மெத்தனால் கலந்த மலிவு ஒயினைக் குடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலருக்குப் பார்வை பறிபோனது. மெத்தனால் என்ற பெயர் நமக்கும் புதிதல்ல.

சிற்றெறும்புப் பெண்கள்

கடையில் வாங்குகிறவர்கள் லேபிளைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. தோலை ஊறவைத்துச் செய்ததா, வெறும் எசன்ஸும் மஞ்சள் நிறமியுமா என்பது அங்கே தெரிந்துவிடும். ‘எல்லாம் ஒரே எலுமிச்சை மணம்தானே’ என்று இதை விட்டுவிட முடியாது. அந்தத் தோலுக்குப் பின்னால் ஒரு மலையே நிற்கிறது.

அமால்ஃபி கடற்கரையில் சமதளம் என்பதே கிடையாது. கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, அந்தப் படிகளில்தான் எலுமிச்சை வளர்க்கிறார்கள். மேலே செஸ்ட்நட் கம்புகளால் பந்தல். டிராக்டர் ஏற முடியாது. பறிப்பதும் சுமப்பதும் கைதான், முதுகுதான். ஒருகாலத்தில் மயோரி, மினோரி ஊர்ப் பெண்கள் 50 கிலோவுக்கும் மேற்பட்ட எலுமிச்சைக் கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான படிகள் இறங்கிக் கடற்கரைக்குக் கொண்டு வருவார்கள். வரிசையாக இறங்கும் அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘ஃபோர்மிக்கெல்லே’, சிற்றெறும்புகள். அந்தப் பெண்கள் நடந்த பாதை இன்று ‘எலுமிச்சைப் பாதை’ என்ற பெயரில் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் இடம்.

1997-ல் இந்தக் கடற்கரை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால், பட்டியல் வந்து சுவரைப் பிடித்துக்கொள்வதில்லை. கீழே ஹோட்டலில் வேலை இருக்கும்போது மேலே ஏறிக் கூடை சுமக்க இளைஞர்கள் ஏன் வருவார்கள்? கைவிடப்பட்ட தோட்டத்தில் கல் சரியும். கல் சரிந்தால் மழைக்கு மண் சரியும். மண் சரிந்தால் கீழே ஊர் இருக்கிறது. நல்ல எலுமிச்சைத் தோலுக்குக் கிடைக்கும் விலைதான் அந்தச் சுவர்களுக்குக் கூலி கொடுக்கிறது. மலிவு எசன்ஸ் பாட்டிலில் அந்தக் கூலி கிடையாது.

ஜூன் 24-ம் தேதி கறுப்பாகும் கைகள்

வடக்கே மோதெனா பக்கம் போனால் எலுமிச்சைக்குப் பதில் பச்சை வால்நட். பெயர் நோச்சினோ. இதற்கு நாள் குறித்துவிட்டார்கள்: ஜூன் 24, புனித ஜான் திருநாள். முந்தைய இரவே மரத்தடிக்குப் போக வேண்டும். பெண்கள்தான் பறிக்க வேண்டும். வெறுங்காலோடு ஏற வேண்டும். இரும்பு படக் கூடாது. எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று பழைய ஐதிகங்கள் நிறைய.

ஐதிகத்தை ஒதுக்கிவிட்டாலும் தேதியில் நியாயம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் வால்நட்டின் உள் ஓடு இன்னும் கெட்டியாகியிருக்காது. மாவடு பருவம் என்று வைத்துக்கொள்ளலாம். கத்தி வைத்தால் நான்காகப் பிளக்கும், உள்ளே வெள்ளையாகக் கூழ்போல இருக்கும். இன்னும் சில வாரம் விட்டால் ஓடு கல்லாகிவிடும். வெட்டுகிறவர்களின் விரல்கள் கறுத்துப்போகும். சோப்பு, எலுமிச்சை எதற்கும் அந்தக் கறை மசியாது, நாள்கணக்கில் இருக்கும். கையைப் பார்த்தாலே ‘நோச்சினோ போட்டாச்சா?’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிடலாம்.

1 லிட்டர் ஆல்கஹாலுக்கு ஏறக்குறைய 1 கிலோ வால்நட், 700 முதல் 900 கிராம் சர்க்கரை. விரும்பினால் இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை. வெயில் படும் இடத்தில் வைத்து அவ்வப்போது குலுக்குவார்கள். பச்சையாக இருந்தது சில நாள்களிலேயே பழுப்பாகி, கடைசியில் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். கோடை முடிந்து வடிகட்டினாலும் உடனே குடிக்க மாட்டார்கள். குறைந்தது ஒரு வருடம் காத்திருப்பார்கள்.

‘யார் வீட்டு நோச்சினோ நல்லது?’ என்ற சண்டைக்குப் பஞ்சாயத்து வைக்கவே ஓர் அமைப்பு இருக்கிறது. 1978-ல் ஸ்பிலாம்பெர்தோ என்ற சிற்றூரில் தொடங்கப்பட்ட ‘மோதெனா நோச்சினோ சபை’, வீட்டுத் தயாரிப்புகளுக்கென்றே போட்டி நடத்துகிறது. பெரிய கம்பெனிகளுக்கு அங்கே வேலை இல்லை. கொல்லையில் மரம் வைத்திருப்பவர்களின் பாட்டில்கள்தான் மோதிக்கொள்ளும்.

மருந்துக்கடையில் பிறந்த கசப்பு

மூலிகை லிக்யூர்களுக்கு ‘அமாரோ’ என்று பெயர். கசப்பு என்று பொருள். ஜென்ஷியன் வேர், ருபார்ப், ஆரஞ்சுத் தோல் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் மடாலயங்களிலும் மருந்துக்கடைகளிலும் தொடங்கியவை. மிலானின் ஃபெர்னெட் பிராங்கா 1845-ல் வந்தது, 27 மூலிகைகள். சிசிலியின் அவெர்னா 1868-ல். துறவிகளிடமிருந்து கிடைத்த செய்முறை என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை.

வீடுகளில் இவ்வளவு பெரிய பட்டியலுக்குப் போவதில்லை. எமிலியா பகுதியில் வெறும் லாரல் இலையை ஊறவைத்துப் பச்சைப்பசேலென்று ஒரு லிக்யூர் செய்வார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் பிரிஞ்சி இலை அந்த லாரல் அல்ல, அது பட்டை மரத்தின் உறவு. இத்தாலியிலேயே வேலிகளில் வளரும் ‘செர்ரி லாரல்’ பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் விஷம். இலையைத் தெரிந்தவர்தான் பறிக்க வேண்டும்.

இவையெல்லாம் ஜீரணத்துக்கு நல்லது என்பது இத்தாலியர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அறிவியல் அவ்வளவு தலையாட்டுவதில்லை. ஆல்கஹால், வயிற்றிலிருந்து உணவு வெளியேறுவதை மெதுவாக்கவே செய்கிறது. ஆகவே, மருந்து என்று நினைத்துக் குடிப்பதில் அர்த்தமில்லை.

குடிக்காதவர்களுக்கும் இந்த மூலிகைகளில் பங்கு உண்டு. டஸ்கனியின் ‘கஸ்தன்யாச்சோ’ செஸ்ட்நட் மாவில் செய்யும் கேக். சர்க்கரையே சேர்க்காமல், மாவின் இனிப்பும் உலர்திராட்சையும் போதுமென்று விட்டு, மேலே ரோஸ்மேரி இலையைத் தூவிச் சுடுவார்கள். இனிப்பில் ரோஸ்மேரியா என்று தோன்றும். துளசி போட்ட பாயசத்தைக் கற்பனை செய்தால் கொஞ்சம் பிடிபடும்.

டிராமிசுவில் மது உண்டா, இல்லையா?

இனிப்புகளில் லிக்யூருக்கு முக்கியமான இடம் இருக்கிறது. ‘சுப்பா இங்க்லேசே’ என்ற கஸ்டர்டு இனிப்பில் கேக்கை நனைக்கும் செக்கச்செவேல் திரவம் ‘அல்கெர்மெஸ்’. பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் போட்டது. அந்தச் சிவப்பு பாரம்பர்யமாகக் காக்கினீல் பூச்சியிலிருந்து வருவது; சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. பிராத்தோ நகரத்தின் பாதாம் பிஸ்கட் பல்லை உடைக்கும் கெட்டி. ‘வின் சாந்தோ’ என்ற இனிப்பு ஒயினில் தோய்த்துத்தான் சாப்பிடுவார்கள்.

ஆனால், பலரும் ‘மது கலந்தது’ என்று நினைத்து ஒதுக்கும் டிராமிசுவில் கதை தலைகீழ். ட்ரெவிசோ நகரின் ‘லே பெக்கெரியே’ உணவகத்தில், ஆதோ கம்பேயோல் குடும்பமும் சமையல்காரர் ரோபெர்த்தோ லிங்குவனோத்தோவும் சேர்ந்து 1970-களின் தொடக்கத்தில் மெனுவில் கொண்டுவந்த டிராமிசுவில் ஒரு சொட்டு மதுகூடக் கிடையாது. குழந்தைகளும் வயதானவர்களும் சாப்பிட வேண்டுமே! 2010 அக்டோபரில் ட்ரெவிசோவில் நோட்டரி முன்னிலையில் பதிவு செய்த செய்முறையும் அப்படித்தான்: 12 முட்டை மஞ்சள் கரு, அரை கிலோ சர்க்கரை, 1 கிலோ மாஸ்கர்போனே சீஸ், 60 சவோயார்டி பிஸ்கட், காபி, கோகோ பவுடர். அவ்வளவுதான். மார்சலா ஒயினும் அமரெத்தோவும் பின்னால் மற்றவர்கள் சேர்த்தவை.

இதற்கும் சொந்தம் கொண்டாடும் பக்கத்து வீட்டுக்காரர் உண்டு. ‘1950-களிலேயே எங்கள் தோல்மெட்சோ ஹோட்டலில் செய்தார்கள்’ என்கிறது ஃப்ரியூலி மாநிலம். 2017-ல் இத்தாலிய விவசாய அமைச்சகம் ஃப்ரியூலியின் பாரம்பர்ய உணவுப் பட்டியலில் டிராமிசுவைச் சேர்க்க, ட்ரெவிசோ இருக்கும் வெனெட்டோ மாநிலத் தலைவர் லூகா சாயா கொதித்துப்போனார். கம்பேயோல் 2021-லும் லிங்குவனோத்தோ 2024-லும் காலமானார்கள். வழக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது.

வீட்டில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது முட்டையைத்தான். அசல் செய்முறையில் மஞ்சள் கரு பச்சையாகவே சேர்கிறது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் இருக்கும் வீடு என்றால், மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் கொதிக்கும் தண்ணீருக்கு மேலே ஒரு பாத்திரத்தில் வைத்து, சூடேறிக் கெட்டியாகும் வரை கைவிடாமல் அடித்துக்கொள்வது பாதுகாப்பு. ஆறிய பிறகு மாஸ்கர்போனே சேர்க்கலாம். காபி திக்காக, சர்க்கரை இல்லாமல், ஆறியிருக்க வேண்டும். பிஸ்கட்டை அதில் ஊறப்போடக் கூடாது. ஒரு புறம் நனைத்து, திருப்பி, உடனே எடுத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. கோகோ பவுடரைப் பரிமாறும்போது தூவினால் போதும். முதல் நாளே தூவினால் ஈரம் இழுத்துச் சேறாகிவிடும்.