அடைக்கோழியும் அயற்குஞ்சும்

பெங்களூர் ஹெப்பாளிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவாக்கப்பெற்ற கிரிராஜா இனக் கோழிக்கு அடைகாக்கும் நாட்டம் இல்லை. பொறியிற் பொரித்த அதன் குஞ்சுகளைப் புறக்கடையில் வளர்க்க விரும்பும் நம்மவர், நாட்டு அடைக்கோழி ஒன்றிடம் அவற்றை ஒப்படைக்கலாம். அது ஏற்குமா, கொத்திக் கொல்லுமா என்பது பெரும்பாலும் ஓரிரவில் முடிவாகிவிடும்.

கோழி ஏறத்தாழ 21 நாள் அடையிருந்ததாயின் மிக நன்று. கோழியை ஏமாற்றினாற் போதும் என்று பலர் கருதுகின்றனர். குஞ்சும் இணங்க வேண்டுமே! பிறந்து 1 அல்லது 2 நாளே ஆன குஞ்சுதான் எதிர்ப்பட்ட கோழியைத் தாயெனப் பற்றும். நாள் கடந்த குஞ்சு அதன் அழைப்பொலிக்குச் செவிசாய்க்காமல் ஓடும்.

கோழிக்கு இருட்டிற் பார்வை குறைவு. ஆதலால் நன்கு இருட்டிய பின், முட்டைகளை மெல்ல அகற்றி, சிறகின்கீழ் முதலில் இரண்டு குஞ்சுகளை நுழையுங்கள். தாழ்ந்த குரலிற் கொக்கரித்து அணைத்துக்கொண்டால் மற்றவற்றையும் விடலாம். இரவெல்லாம் குஞ்சுகளின் வெம்மையும் கீச்சொலியும் அதற்குப் பழகிவிடும்.

விடியுமுன் எழுந்து காவலிருத்தல் இன்றியமையாதது. சிறு கொத்தல் கண்டிப்பே. தலையைக் குறிவைத்துக் கொத்தினாலோ உடனே பிரித்து, விளக்கின் வெப்பத்தில் குஞ்சுகளை வளர்க்க வேண்டியதுதான். தீனியைக் கொத்திக் காட்டி அழைத்தால், 2, 3 நாள் ஒரே பஞ்சாரத்தில் அடைத்து வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் இடுக, குஞ்சு மூழ்காது.