குறை சொன்னவரைக் கோபிக்காதீர்!

சென்னை கொட்டிவாக்கம் குப்பத்து மீனவர்கள் கரைக்கு வந்ததும் வலையை விரித்துப் பார்ப்பார்கள். ஒரு கண் அறுந்திருந்தாலும் பின்னிவிடுவார்கள். விட்டுவிட்டால் என்ன ஆகும்? நாளை அது பெரிய ஓட்டை ஆகும். மீன் போய்விடும்!

தொழிற்சாலையும் அப்படித்தான். சிறு குறைகளை அன்றன்றே திருத்தினால் தொழில் வளரும்.

ஆனால் ஒரு வித்தியாசம். வலை மீனவருக்குச் சொந்தம். தொழிற்சாலையில் குறையைக் காண்பவர் தொழிலாளி. திருத்த உத்தரவு போடுபவர் அதிகாரி. அதிகாரி காது கொடுத்துக் கேட்க வேண்டுமே!

ஜப்பான் கற்ற பாடம்

உலகப் போரில் தோற்று நொந்து கிடந்தது ஜப்பான். 1950-ம் ஆண்டு டெமிங் என்ற அமெரிக்க அறிஞர் அங்கே சென்று பாடம் நடத்தினார்.

திட்டம் போடு, செய்து பார், பலனைச் சோதி, திருத்து. பிறகு மறுபடியும் தொடங்கு. இதுதான் முறை.

தொழிலாளியின் மனதில் உள்ள பயத்தைப் போக்க வேண்டும் என்பது டெமிங்கின் கொள்கை. நூற்றுக்கு 94 குறைகளுக்கு வேலை முறையே காரணம், அதைத் திருத்துவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று அவர் கணக்கிட்டார்.

1951-ல் ஜப்பானியர் அவர் பெயரால் ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள்.

பாடிக்கு வந்த பரிசு

அந்தப் பரிசு சென்னைக்கும் வந்தது! பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு 1998-ல் அதைப் பெற்றது. இந்தியாவில் இந்தப் பரிசைப் பெற்ற முதல் கம்பெனி அதுதான்.

அங்கே செய்தது என்ன? லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பிரேக்! அதில் சிறு குறை இருந்தாலும் பஸ்சில் போகும் அத்தனை பேர் உயிருக்கும் ஆபத்து. ஆகவே, தொழிலாளர்களிடமும் யோசனை கேட்டார்கள்.

50 நிமிடம் மிச்சம்

யோசனை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஓர் உதாரணம் பாருங்கள்.

திருகாணிப் பெட்டி தரையில் இருக்கிறது. தொழிலாளி ஒவ்வொரு முறையும் குனிந்து எடுக்கிறார். பெட்டியை இடுப்பு உயரத்தில் வைத்தால் 10 விநாடி மிச்சம். தினம் 300 முறை என்றால், 50 நிமிடம்! முதுகு வலியும் இல்லை.

இந்த யோசனை யாருக்குத் தோன்றும்? அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கா? குனிந்து எடுப்பவருக்குத்தான்!

"யார் செய்த தப்பு?" என்று அதட்டினால் அடுத்த குறையை மறைத்துவிடுவார்கள். "ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்டால் காரணம் வெளியே வரும்.

மறைத்த குறை பிரேக்கோடு சேர்ந்து ரோட்டுக்குப் போகும். சொன்ன குறை தொழிற்சாலையிலேயே தீர்ந்துவிடும்.