உஷார்! பியானோ புத்தகத்தின் அட்டை பொய் சொல்லும்

குழந்தை ஆறு மாதமாகப் பியானோ வகுப்புக்குப் போகிறது. இரண்டு கையையும் சேர்த்து ஒரு சின்ன மெட்டை வாசித்துவிட்டது. உடனே அப்பா அம்மாவுக்குக் கை துறுதுறுக்கும். பீத்தோவன், மொஸார்ட், பாக் எல்லோரும் ஒரே அட்டைக்குள் இருக்கும் ‘100 புகழ்பெற்ற பாடல்கள்’ புத்தகத்தை வாங்கிவிடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். தப்பான புத்தகத்தால் சில நூறு ரூபாய் போனால் போகட்டும். ‘எனக்கு வரல’ என்று குழந்தை ஒருமுறை மூடி வைத்த பியானோவை மறுபடி திறக்க வைப்பதுதான் பெரும்பாடு. அட்டையில் இருக்கும் சில சொற்களிடம் உஷாராக இருங்கள்.

‘ஈஸி’ என்றால்...

பீத்தோவன் 1810-ல் எழுதிய ‘ஃப்யூர் எலீசே’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கே தெரிந்தது அதன் தொடக்கம் மட்டும்தான். நடுவில் வலது கை குடுகுடுவென ஓடும் பகுதி ஒன்று, இடது கை ஒரே கட்டையை விடாமல் தட்டும் பகுதி ஒன்று என இரண்டு இருக்கின்றன. பல ‘ஈஸி’ புத்தகங்கள் இந்த இரண்டையும் சத்தமில்லாமல் வெட்டிவிடுகின்றன. ‘மூன்லைட்’ சொனாட்டாவில் நாலு ஷார்ப் இருப்பதால், முதல் பகுதியை மட்டும் வேறு ஸ்கேலுக்கு மாற்றி அச்சிடுகிறார்கள். குழந்தை சந்தோஷத்துக்கு வாசிக்க இது போதும். ஆனால் பின்னாளில் மூலத்தைத் தொடும்போது, பழகிய விரல்களை முதலிலிருந்து பழக்க வேண்டிவரும். உள்ளே சின்ன எழுத்தில் ‘அரேஞ்ச்டு’, ‘சிம்ப்ளிஃபைடு’ என்று இருக்கிறதா பாருங்கள். பாஹெல்பெலின் ‘கேனன்’ பியானோவுக்கே எழுதப்பட்டதல்ல. அது மூன்று வயலினுக்கும் அடிநாதத்துக்கும் எழுதியது. அதனால் புத்தகத்துக்குப் புத்தகம் அது வேறாக இருக்கும்.

‘குழந்தை’ என்றால்...

இதுதான் பலரும் விழும் குழி. ஷூமன் 1838-ல் எழுதிய ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ குழந்தைகள் வாசிக்க எழுதப்பட்டதல்ல. பெரியவர் ஒருவர் தன் பிள்ளைப் பருவத்தைத் திரும்பிப் பார்க்கும் 13 துண்டுகள் அவை. குழந்தைகளுக்கென்றே அவர் எழுதியது 1848-ல் வந்த ‘இளையோருக்கான ஆல்பம்’, ஓபஸ் 68. தெபுஸ்ஸியின் ‘சில்ட்ரன்ஸ் கார்னர்’ (1908) அவர் மகளுக்குக் காணிக்கை, அவ்வளவுதான். அதை வாசிக்கத் தேர்ந்த விரல்கள் வேண்டும்.

‘ஆரம்ப நிலை’ என்றால்...

யாருடைய ஆரம்பம்? 1788-ல் எழுதிய கே. 545 சொனாட்டாவைத் தொடக்கநிலைக்காரர்களுக்கானது என்று மொஸார்ட்டே தன் பட்டியலில் குறித்துவைத்திருக்கிறார். அதை நம்பி, ஆறு மாதமே பியானோ கற்ற குழந்தையின் முன்னால் வைத்துவிடாதீர்கள். முதல் பக்கத்திலேயே ஸ்கேல்கள் மளமளவென்று ஓடும். மொஸார்ட்டின் ஆரம்பம் நம் வீட்டு ஆரம்பம் அல்ல!

‘பாக்’ என்றால்...

எல்லா வகுப்பிலும் கேட்கும் ஜி மேஜர் மினுவெட், பாக் தன் மனைவி அன்னா மக்டலேனாவுக்குத் தந்த 1725-ம் ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எழுதியவர் கிறிஸ்டியன் பெட்ஸோல்ட். 1970-களிலேயே ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றும் பாக் பெயரை மட்டும் போட்டிருக்கும் புத்தகத்தில், தொகுத்தவர் வேறெதைச் சரிபார்த்திருப்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

‘இலவசம்’ என்றால்...

இணையத்தில் கிடைக்கும் பழைய பதிப்புகளிலும் கண் வையுங்கள். பாக்கின் சி மேஜர் பிரெலூடில் 35 பார்கள்தான். 22-க்கும் 23-க்கும் நடுவே யாரோ செருகிய ஒரு பார், பல பழைய பதிப்புகளில் அப்படியே தொடர்ந்தது. கூனோ அதே பிரெலூடின் மேல் ‘ஆவே மரியா’வை அமைத்தபோது அந்த ஒட்டுப் பாரும் கூடவே போய்விட்டது. பாக் எழுதாத சத்தக் குறிகள், வளைகோடுகள் எல்லாம் பழைய பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை. ‘ஊர்டெக்ஸ்ட்’ என்று போட்ட பதிப்புகள் மூலப் பிரதிகளை ஒப்பிட்டு அச்சிடப்பட்டவை. ஆனால் அந்தச் சொல்லுக்கு ‘எளிது’ என்று பொருள் இல்லை.

கிரேடு தேர்வுக்கு வாங்குகிறவர்கள் பாட்டுக்கு முன்னால் பாடத்திட்டத்தின் ஆண்டைப் பாருங்கள். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்த தேர்வுப் புத்தகம், காலாவதியானதாக இருக்கலாம்.

கடையிலேயே ஒரு சோதனை

முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள். அது எப்போதும் சுலபமாகத்தான் இருக்கும். நட்டநடுப் பக்கத்தைப் பிரியுங்கள்.

• குழந்தை அதில் இரண்டு வரியை மெதுவாகவாவது படிக்க முடிகிறதா?
• விரல் எண்கள் போட்டிருக்கிறதா?
• எட்டுக் கட்டை அகலம் விரிக்கச் சொல்கிறதா? சின்னக் கை அதற்கு எட்டாது.
• ஒவ்வொரு நோட்டுக்குள்ளும் எழுத்து அச்சிட்டிருக்கிறதா? அப்படியானால் வேண்டாம். குழந்தை எழுத்தைப் படிக்கும், கோடுகளைப் படிக்காது.
• ஸ்டாண்டில் வைத்தால் தானாக மூடிக்கொள்கிறதா?

எதை வாங்கலாம்? ஷூமனின் ஓபஸ் 68-ல் முதல் சில துண்டுகள். பார்டோக்கின் ‘குழந்தைகளுக்காக’. சின்னக் கைகளை நினைத்து, எட்டுக் கட்டை விரிப்பே இல்லாமல் அவர் எழுதியது. அது பழகியபின் புர்க்முல்லரின் ஓபஸ் 100-ல் உள்ள 25 பயிற்சிகள், பிறகு க்ளெமென்டியின் ஓபஸ் 36 சொனாட்டினாக்கள். மொஸார்ட்டின் ‘ஆரம்பம்’ அதற்கும் அப்புறம்தான்.

அந்த 100 பாடல் புத்தகம் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? தூக்கிப் போட வேண்டாம், பரணில் ஏற்றுங்கள். சில வருடம் கழித்துக் குழந்தையே ஏணி கேட்கும். இப்போதைக்கு ஸ்டாண்டில் ஒரே ஒரு பக்கம் போதும், பெட்ஸோல்டின் மினுவெட்.