பாய், எண்ணெய், விளக்கு: திருமுக்கூடல் காட்டும் கணக்கு

ஊரும் பள்ளியும் – 9

சென்ற வாரம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பார்த்தோம். கணக்குக் காட்டாதவன் வாரியத்தில் உட்காரக் கூடாது என்று 919, 921-ஆம் ஆண்டுகளில் எழுதி வைத்த ஊர் அது. அதே வட்டத்தில், பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வருவது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். இங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் மதிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடுங்கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1063 முதல் 1070 வரை ஆண்டவன் அவன். கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளியும், மாணவர் விடுதியும், ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஓர் ஆதுலர்சாலையும் நடந்ததை அந்தக் கல்வெட்டு சொல்கிறது. பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவமனை அது. பழங்கால மருத்துவமனை என்ற பெருமைக்காக இதை மேடைதோறும் பேசுகிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது பெருமை அல்ல, அதில் உள்ள செலவுக் கணக்கு. பள்ளியும் ஊரும் ஒன்றுக்கொன்று தொண்டு செய்வது எதனால் நிலைக்கிறது, எதனால் நிலைக்காமல் போகிறது என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடை இருக்கிறது.

கல்வெட்டை நிதானமாகப் படித்தால் அதில் உபதேசம் எதுவும் இல்லை. யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல்தான் இருக்கிறது. இருக்கு வேதம் படிப்பவர் 10 பேர், யசுர் வேதம் படிப்பவர் 10 பேர், இலக்கணம் படிப்பவர் 20 பேர் என்று தலை எண்ணப்படுகிறது. அவர்களுக்குச் சோற்றுக்கு நெல் ஒதுக்கியதோடு விடவில்லை. படுக்கப் பாய், இரவில் படிக்க விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய் என்று தனித்தனியே வருகிறது. மருத்துவமனைப் பகுதி இன்னும் நுணுக்கமானது. ஆலப்பாக்கத்து மருத்துவன் கோதண்டராம அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவனுக்கு 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து இடிக்கும் ஆட்கள் இருவருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு மருந்து காய்ச்சும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் 1 காசும். நாவிதனுக்கு 15 கலம். படுத்திருப்பவருக்கு நாள் ஒன்றுக்கு ஆளுக்கு ஒரு நாழி அரிசி. இருப்பில் இருக்க வேண்டிய கடுக்காய் லேகியங்கள், தைலங்கள், நெய் மருந்துகள் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவமனையில் இரவு முழுவதும் எரிய வேண்டிய விளக்குக்கும் எண்ணெய் உண்டு. இத்தனைக்கும் வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாய் எழுதி வைக்கப்பட்டது. மாணவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்ற கேள்வி காய்ச்சல் வருவதற்கு முன்பே தீர்க்கப்பட்டுவிட்டது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் பள்ளிகளில் மாணவர் தொண்டு பிழைக்காமல் போவது நல்ல மனம் இல்லாததால் அல்ல. அதற்கு நிவந்தம், அதாவது எழுதி வைத்த ஒதுக்கீடு, இல்லாததால். நேரமும் பொருளும் பொறுப்பாளும் முன்கூட்டியே ஒதுக்கப்படாத தொண்டு, எவ்வளவு ஆர்வத்தோடு தொடங்கினாலும் ஒரு பருவத்தைத் தாண்டுவதில்லை.

இன்றைய நிலையை எடுத்துக்கொள்வோம். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நடைமுறையில் 120 மணி நேரம் என்பது அந்த ஏழு நாளுக்குள் சுருங்கிவிடுகிறது. முகாம் நாட்களில் ஊர் எப்படி இருக்கும் என்பது தமிழ்நாட்டுக் கிராமத்தார் எல்லோருக்கும் தெரியும். பேனர் கட்டுவார்கள். கோயில் வெளியில் புல் செதுக்குவார்கள். ஏரிக்கரைச் சீமைக்கருவேலத்தை வெட்டுவார்கள். ஐம்பது கன்று நடுவார்கள். நிறைவு விழாவில் சான்றிதழ் கொடுப்பார்கள். எட்டாம் நாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று எந்தத் தாளிலும் இருக்காது. வேலியும் இருக்காது. சித்திரை வெயிலில் கன்று கருகும், மிச்சத்தை ஆடு மேயும். மாணவர்களிடம் குறை இல்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் உண்மையாகவே உழைத்திருப்பார்கள். குறை, எட்டாம் நாளுக்கு ஒருவரும் பெயர் எழுதிக்கொள்ளாததில்.

ஒதுக்கீடு இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு இந்தப் பகுதியிலேயே சான்று உண்டு. காமராசர் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் 1912-இல் பிறந்தவர். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958 முதல் அவர் முயற்சியில் ஊர் ஊராக நடந்தன. முதலில் தலைமை ஆசிரியரும் ஊராரும் உட்கார்ந்து பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போடுவார்கள்: கரும்பலகை, கடிகாரம், பெஞ்சு, ஒரு வகுப்பறை, சோறாக்கப் பாத்திரம். எதை யார் தருவது என்று ஊர் ஏற்றுக்கொள்ளும். மாநாட்டு நாளில் எல்லோர் முன்னிலையிலும் அது ஒப்படைக்கப்படும். திருமுக்கூடல் கல்வெட்டின் முறையே இது, கல்லுக்குப் பதில் தாளில். அதற்கு முன்பே 1956-இல் பகல் உணவுத் திட்டம் ஊராரின் நெல்லிலும் காய்கறியிலும் தொடங்கி, பிறகு அரசு மானியத்தால் உறுதிப்பட்டது. 1982-இல் சத்துணவாக விரிந்தபோது பொறுப்பு முழுவதும் அரசுக்குப் போனது. பசி போக அதுவே சரியான வழி. நன்கொடை வராத நாளில் குழந்தை பட்டினி கிடக்கக் கூடாது. ஆனால் சோற்றுப் பொறுப்பு அரசுக்குப் போனதோடு, பள்ளி நம்முடையது என்ற எண்ணமும் பல ஊர்களில் கூடவே போய்விட்டது. அது போயிருக்க வேண்டியதில்லை.

அண்மைச் சான்று ஒன்றையும் சொல்ல வேண்டும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’. மாலையில் தெருத்திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. பெரிய தொகை அல்ல. ஆனால் இந்த வேலை கணக்கில் இருக்கிறது, இதற்கு நேரமும் இடமும் பெயரும் உண்டு என்பதை அந்தத் தொகை உறுதிப்படுத்தியது.

இங்கே எழும் முதல் மறுப்பு கடுமையானது, நியாயமானதும்கூட. திருமுக்கூடல் பள்ளி யாருக்கானது? வேதம் படிக்கத் தகுதி உண்டு என்று அன்றைய சமூகம் வகுத்த சிலருக்கு. மருத்துவமனையும் மாணவர்க்கும் கோயில் பணியாளர்க்கும் உரியது. வயலில் நெல் விளைத்தவனுக்குப் பாம்பு கடித்தால் அந்தப் படுக்கையில் இடம் கிடைத்திருக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. மருத்துவன் பெயர் கல்லில் இருக்கிறது, மருந்து காய்ச்சிய இரு பெண்களின் பெயர் இல்லை. இத்தகைய இடத்தை முன்மாதிரி என்று எப்படிச் சொல்வது? சொல்லக் கூடாது. யாருக்குக் கதவு திறந்தது என்பதில் அது நமக்கு முன்மாதிரி அல்ல. அந்த வாசலை எல்லோருக்கும் திறக்க இந்த மண்ணில் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. ஆனால் சிலருக்காக மட்டும் கட்டிய நிறுவனத்துக்கே இவ்வளவு கவனமாகப் பாயும் எண்ணெயும் அளந்தார்கள் என்றால், எல்லோருக்குமான பள்ளிக்கு அதைவிடக் குறைவாக அளப்பது நமக்குத் தலைகுனிவு. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் எல்லையை அல்ல, கணக்கை.

இரண்டாவது மறுப்பு பெற்றோர் தரப்பிலிருந்து வருவது. தொண்டு என்ற பெயரில் என் பிள்ளையைக் கூட்டவும் பெருக்கவும் கழிவறை கழுவவும் விடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. வீண் அச்சம் அல்ல. பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி அந்த வேலைக்கு அனுப்பிய செய்திகள் தமிழ்நாட்டில் வந்திருக்கின்றன. வழக்குகள் பதிவாகி நடவடிக்கையும் எடுக்கப்பட்டிருக்கிறது. என் வாதத்துக்கு இதுவே வலுவான சான்று என்று கருதுகிறேன். வரையறை இல்லாத தொண்டு எப்போதும் எளியவன் தலையில்தான் விழும். ‘யாராவது போய்ச் செய்யுங்கள்’ என்று சொல்லும் வகுப்பில், அந்த ‘யாராவது’ யார் என்பதைச் சாதி தீர்மானித்துவிடுகிறது. கழிவறைத் தூய்மை கூலி பெற்றுச் செய்யும் ஊழியரின் வேலை. அதற்கு ஆளும் கூலியும் வேண்டும், மாணவனை அங்கே நிறுத்தக் கூடாது. மாணவர் செய்வது எது, செய்யக் கூடாதது எது, யார் முறை எந்த வாரம் என்பது எழுத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் இருக்க வேண்டும்.

பொதுத்தேர்வு நேரம் கெடும் என்பது மூன்றாவது மறுப்பு. ஆண்டுக்கு 120 மணி நேரம் என்றால் மாதம் பத்து மணி நேரம், வாரம் ஏறக்குறைய இரண்டரை. இதனால் மதிப்பெண் குறையும் என்பதை நான் ஏற்கவில்லை.

சரி, திருமுக்கூடல் போன்ற ஊரில் அந்த இரண்டரை மணி நேரத்தில் என்ன செய்வது? மூன்று ஆறு கூடும் இந்த ஊரிலும் ஆற்றில் நீர் ஓடும் நாட்கள் குறைவு. விவசாயம் ஏரியையும் கிணற்றையும் நம்பியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வர், நுனியில் கல் கட்டிய ஒரு கயிறு, அடிக்கு ஒரு முடிச்சு, ஒரு நோட்டு. வெள்ளிக்கிழமைதோறும், பெரியவர் ஒருவர் துணையோடு, கைப்பிடிச்சுவர் உள்ள ஐந்து கிணறுகளில் கயிற்றை இறக்கி, சுவர் விளிம்பிலிருந்து ஈரம் பட்ட இடம்வரை முடிச்சை எண்ணி, தேதியோடு எழுத வேண்டியதுதான். ஆண்டு முடிவில் நோட்டு எட்டாம் வகுப்பிலிருந்து வருபவர்கள் கைக்கு மாறும். ஐந்து ஆண்டு சேர்ந்தால் அந்த ஊரின் நிலத்தடி நீர் வரலாறு அந்தப் பள்ளியில் இருக்கும். மணல் அள்ளுவது பற்றியும் ஆழ்துளைக் கிணறு பற்றியும் கிராம சபையில் வாக்குவாதம் வரும்போது எடுத்துக் காட்ட ஊருக்கு ஓர் ஆவணம் கிடைக்கும். பதிலுக்கு ஊர் செய்ய வேண்டியது: பத்தாம் வகுப்பு மாலை நேரப் படிப்புக்கு நாளும் சுண்டல், வகுப்பறைக்கு நல்ல விளக்கு, இருட்டிய பின் பெண் பிள்ளைகளை வீடு வரை கொண்டுவிட முறை வைத்து இருவர்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினரில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் கடமை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலக தண்ணீர் நாளும் அதில் ஒன்று. இதைப் படிக்கும் பெற்றோரிடம் என் வேண்டுகோள் இது: உங்கள் பள்ளியின் மேம்பாட்டுத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாணவர் தொண்டுக்கு என்ன நேரம், என்ன பொருள், யார் பொறுப்பு என்ற மூன்றும் அதில் இல்லாவிட்டால், அடுத்த கூட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அடுத்த கிராம சபையில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)