அம்மா கத்துன 'மோட்டாரை ஆஃப் பண்ணு': பைப்புல தண்ணி உறைஞ்ச கதை

தஞ்சாவூர்ல உட்கார்ந்துக்கிட்டு பைப்பு உறையுறதைப் பத்திப் பேசுறியே, உனக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. நியாயம்தான். சித்திரை வெயில்ல மத்தியானம் நம்ம குழாயைத் திறந்தா டீயே போடலாம் போல இருக்கும். மார்கழில விடியக்காலைல தலைக்குத் தண்ணி ஊத்திக்க யோசிப்போம், நம்ம குளிர் அவ்வளவுதான். ஆனா இதைக் கேக்குற சில பேர் சீக்கிரமே டொராண்டோவுக்கோ டல்லாஸுக்கோ படிக்கப் போறீங்க. உங்களுக்காகத்தான் இந்த எபிசோட்.

2021 பிப்ரவரி. எங்க அக்காவும் அத்தானும் டல்லாஸ் பக்கத்துல இருந்தாங்க. டெக்சாஸ் நம்மள மாதிரியே வெயில் ஊரு. அந்த வாரம் டல்லாஸ்ல மைனஸ் 19 டிகிரி வரைக்கும் போச்சு. 15-ஆம் தேதி விடியறதுக்குள்ள கரன்ட் போக ஆரம்பிச்சுது. மாநிலம் முழுக்க 45 லட்சம் வீடுகளுக்கு மேல இருட்டு. 246 பேர் இறந்ததா அரசாங்கக் கணக்கே சொல்லுது.

அக்கா வீட்ல கரன்ட் வந்து, வீடு சூடாக ஆரம்பிச்ச பிறகுதான் பிரச்சனையே. வீடியோ கால்ல பேசிக்கிட்டு இருக்கும்போதே மேல் கூரைலேர்ந்து தண்ணி கொட்டுது. இங்கேர்ந்து அம்மா கத்துறாங்க, "அடியே, மோட்டாரை ஆஃப் பண்ணுடி!"

அங்க மோட்டாரும் கிடையாது, மொட்டை மாடி டேங்க்கும் கிடையாது. நம்ம வீட்ல பைப்பு உடைஞ்சா டேங்க்ல இருக்குற ஆயிரம் லிட்டர் தீர்ந்ததும் நின்னுடும். அங்க தெருக்குழாய்லேர்ந்து எந்நேரமும் அழுத்தத்தோட நேரா வீட்டுக்குள்ள வருது. மெயின் வால்வை மூடுற வரைக்கும் நிக்காது. அந்த வால்வு எங்க இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. தெருவோரம் புல்லுக்குள்ள ஒரு மூடி, அது மேல பனி. கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள படுக்கையறைக் கூரை இடிஞ்சு மெத்தை மேல விழுந்துடுச்சு.

சரி, ஏன் உடையுது? தண்ணி 4 டிகிரி வரைக்கும் குளிரக் குளிரச் சுருங்கும். அதுக்குக் கீழ போனா விரிய ஆரம்பிக்கும். பனிக்கட்டி ஆகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதலா இடம் கேக்கும். பனிக்கட்டி உப்பி பைப்பைப் பிளக்குதுன்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சேன். பெரும்பாலும் அப்படி இல்ல. பனிக்கட்டி ஒரு இடத்துல தக்கை மாதிரி அடைச்சுக்கிட்டு வளருது. அந்தத் தக்கைக்கும் மூடின குழாய்க்கும் நடுவுல மாட்டின தண்ணிக்குப் போக்கிடம் இல்ல. அழுத்தம் ஏறி ஏறி, பனிக்கட்டியே இல்லாத இடத்துல கூட பைப்பு வெடிக்கும். வெடிச்சது உடனே தெரியாது, ஏன்னா தக்கை அடைச்சிருக்கு. உருகினதும்தான் கொட்டும்.

இது புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா புரியும். குளிர் ராத்திரில குழாயை நூல் மாதிரி ஒழுக விடுங்கன்னு சொல்றது அழுத்தத்துக்கு ஒரு வழி விடத்தான். சொட்டுற குழாயைப் பார்த்தாலே திட்டுற காவேரிக்கரை வீட்ல வளர்ந்தவங்களுக்கு இது மனசு வராது. பரவால்ல, விடுங்க.

வெளியில மைனஸ் 7 டிகிரிக்குப் போனா காப்பு இல்லாத பைப்புக்கு ஆபத்துன்னு இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு ஒன்னு சொல்லுது. பரண்லயும் வெளிச்சுவர்லயும் ஓடுற பைப்புக்கு நுரை உறை மாட்டுங்க. சிங்க்குக்குக் கீழ இருக்குற அலமாரிக் கதவைத் திறந்து வைங்க, ரூம் சூடு பைப்பைத் தொடட்டும். தோட்டத்து ஹோஸைக் கழட்டிடுங்க.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்போ பில் மிச்சம் பண்றேன்னு ஹீட்டரை அணைச்சுட்டு வராதீங்க. 13 டிகிரிக்குக் கீழ இறக்கவே கூடாது. மெயின் வால்வை மூடி, குழாயெல்லாம் திறந்து தண்ணியை வடிச்சுட்டு வந்தா இன்னும் நல்லது. வாடகை வீடுன்னா இதையெல்லாம் ஓனர்கிட்ட கேட்டுக்கிட்டு செய்யுங்க.

உறைஞ்சே போச்சுன்னா? முதல்ல குழாயைத் திறங்க. அப்புறம் ஹேர் டிரையர், குழாய்ப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா. நெருப்பு மட்டும் வேணாம். அதே மாதிரி, குளிருதுன்னு கரி அடுப்பை வீட்டுக்குள்ள வைக்காதீங்க. அந்த வாரம் டெக்சாஸ்ல கார்பன் மோனாக்சைடுலயும் ஆளுங்க செத்தாங்க.

கடை வச்சிருக்கவங்களுக்கு வேற தலைவலி. ராத்திரி கடையை மூடி ஹீட்டரையும் அணைச்சுட்டா, கூரைல தீயணைக்க ஓடுற ஸ்பிரிங்க்ளர் பைப்புத் தண்ணி உறையும். வெடிச்சா அரிசி மூட்டை, மசாலா எல்லாம் போச்சு. சூடு இல்லாத கிடங்குகள்ல அதனாலதான் பைப்புல தண்ணிக்குப் பதிலா காத்தை அடைச்சு வைப்பாங்க. தீப்பிடிச்சு முனை திறந்தாதான் தண்ணி உள்ள வரும்.

நம்ம நாட்டுலயும் இது இருக்கு. ஸ்ரீநகர்ல டிசம்பர் 21-லேர்ந்து 40 நாள், சில்லாய் கலான்னு சொல்லுவாங்க. தண்ணி பைப்பு உறையுறது அங்க வருஷா வருஷம் நடக்குறது.

அக்கா வீட்ல இப்ப வால்வு திறக்குற கம்பி சாவி மாட்டுற ஆணில தொங்குது. டல்லாஸ்ல குளிர்னு நியூஸ் வந்தா அம்மா போன் போட்டு முதல்ல கேக்குறது, "குழாயைச் சொட்ட விட்டியாடி?" சரி மக்களே, அடுத்த வாரம் பார்ப்போம்.