பைப்பை எப்போது மாற்றுவது? வீட்டுத் தண்ணீரே சொல்லும்!

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் பழைய வீடுகளின் ஜி.ஐ. பைப்புகளுக்கு வயதாகிவிட்டது. சுவரை எப்போது கொத்துவது, எதற்காகப் பொறுத்திருக்கலாம் என்று முடிவெடுக்க ஒரு வழிகாட்டி.

1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்த கையோடு துறையூர் ரோட்டிலும் எளம்பலூர் ரோட்டிலும் புது வீடுகள் எழும்பின. அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு மறுபடி சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டம் ஆயிற்று. இந்த ஆண்டுகளில் லோன் போட்டும் நகையை அடகு வைத்தும் வீடு கட்டியவர்கள் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், சிமென்ட் ஆலைத் தொழிலாளர்கள், சின்ன வெங்காயத்திலும் பருத்தியிலும் ஒரு நல்ல வெள்ளாமை கண்ட விவசாயிகள். அந்த வீடுகள் பலவற்றில் தண்ணீர் லைன் என்றாலே ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்தான். இன்று எல்லோரும் போடும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் இந்தியச் சந்தையில் கால் வைத்ததே 1999 வாக்கில்தான்.

ஆகவே அந்தத் தலைமுறை வீடுகளின் இரும்புப் பைப்புகள் இப்போது 25, 30 வயதைத் தாண்டி நிற்கின்றன. நல்ல தண்ணீர் ஓடினால் ஜி.ஐ. பைப் 40 ஆண்டுகூடத் தாங்கும். உப்புத் தண்ணீர் ஓடினால் 15 ஆண்டிலேயே ஓட்டை விழும். அதனால் வயதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. பைப்புக்குள் எந்தத் தண்ணீர் ஓடியது, அது பைப்பை என்ன செய்திருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பூச்சு இருக்கும்வரைதான் காவல்

இரும்பு மேல் துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறைக்கு 1837-ல் பிரான்ஸில் ஸ்டானிஸ்லாஸ் சொரெல் என்ற பொறியாளர் காப்புரிமை வாங்கினார். சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுப்பார்கள். பூச்சு வெறும் மூடி அல்ல. தண்ணீர் பட்டால் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் கரையும். தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். துத்தநாகம் தீர்ந்த இடத்தில் துரு ஆரம்பிக்கும்.

நம் ஊர் பைப்புகளுக்கு ஐ.எஸ். 1239 என்ற தரம் உண்டு. மஞ்சள் பட்டை போட்டது லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. அரை இஞ்ச் பைப்பில் லைட் ரகத்தின் சுவர் கனம் 2 மில்லிமீட்டர், மீடியம் 2.6, ஹெவி 3.2. வீடு கட்டும்போது செலவைக் குறைக்க மஞ்சள் பட்டை பைப் போட்டிருந்தால், முதலில் கசிவதும் அதுதான்.

கசிவு பெரும்பாலும் மரை போட்ட இடத்தில்தான் ஆரம்பிக்கும். பைப்பை எல்போவிலோ டீயிலோ முடுக்குவதற்கு மரை வெட்டும்போது, அந்த இடத்தில் துத்தநாகமும் போகிறது, இரும்பிலும் கணிசமான கனம் போகிறது. முப்பது வருஷத்து லைனில் பைப் ரெஞ்ச் பிடித்து ஓர் எல்போவைக் கழற்றிப் பாருங்கள். எல்போ சுழலாது, பைப்தான் மரையோடு முறிந்து கையில் வரும். முறிந்த வாயில் ஒரு பக்கம் காகிதம்போல் மெலிந்திருக்கும். உள்ளே செங்காவி நிறத்தில் முண்டு முண்டாகத் துரு கட்டி, அரை இஞ்ச் ஓட்டையில் ஒரு பென்சில்கூட நுழையாத அளவுக்குப் பாதை சுருங்கியிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அடைப்புக்கு அதுவே காரணம்.

கிழக்கே அடைக்கும், மேற்கே அரிக்கும்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் பைப் கெடும் விதம் மண்ணைப் பொறுத்து மாறுகிறது.

அரியலூர் வட்டாரம் கிரெட்டேசியஸ் காலத்தில் கடல். கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புச் சுரங்கங்களில் அந்தக் கடலின் கிளிஞ்சல்கள் கல்லாக இன்றும் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் கல்மரமும் அந்தக் கடல் விட்டுப்போன சாட்சி. சிமென்ட் ஆலைகள் இங்கே வந்ததற்குக் காரணமான அதே சுண்ணாம்புக்கல், மழைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போர்வெல்லுக்கு வருகிறது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதும், கீசர் காயிலில் ஓடு கட்டுவதும், ஷவர் ஓட்டைகள் அடைவதும் அதனால்தான். பைப்புக்குள்ளும் அதே படிவுதான். மெல்லிய சுண்ணாம்புப் படலம் துருவை ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது நிற்காமல் கனத்துக்கொண்டே போய்ப் பாதையை மூடிவிடும்.

பெரம்பலூரின் மேற்கே, பச்சமலைப் பக்கம் கடினப் பாறை. அங்கே தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் நிற்கும். போர் ஆழமாகப் போகப் போக, கோடை ஏற ஏற, பல இடங்களில் தண்ணீரில் உப்பு கூடும். உப்பிலுள்ள குளோரைடு துத்தநாகப் பூச்சில் ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். வெளியே பார்த்தால் பைப் நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் அந்தப் புள்ளியில் தண்ணீர் பீச்சும்.

இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500 குடிதண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை என்கிறது. குளோரைடுக்கு 250, 1,000. கரைந்த மொத்த உப்புக்கு 500, 2,000. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக்கூடம் உண்டு. கட்டணம் கட்டி உங்கள் போர் தண்ணீரை ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். கடினத்தன்மை எகிறியிருந்தால் அடைப்பை எதிர்பாருங்கள். குளோரைடு எகிறியிருந்தால் ஓட்டையை எதிர்பாருங்கள்.

வீட்டிலேயே செய்யும் ஐந்து சோதனைகள்

காலை முதல் தண்ணீர்: இரவு முழுக்க மூடியிருந்த குழாயைத் திறந்து முதல் தண்ணீரை வெள்ளைத் தம்ளரில் பிடியுங்கள். செம்மண் நிறத்தில் வந்து ஓரிரு நிமிஷத்தில் தெளிந்தால் துரு உங்கள் வீட்டு லைனில் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஓடியும் தெளியாவிட்டால் தொட்டியையும் போர்வெல்லையும் பாருங்கள். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு தாண்டினாலே வெள்ளைத் துணியில் கறை ஏறும்.

வாளிக் கணக்கு: தொட்டிக்குப் பக்கத்துக் குழாயிலும் கடைசிக் குழாயிலும் ஒரே வாளி எத்தனை நிமிஷத்தில் நிரம்புகிறது என்று குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் பாதை சுருங்குகிறது. பைப்பின் உள்விட்டம் பாதியானால் ஓடும் தண்ணீர் பாதியாகாது, கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்காகிவிடும். மொட்டைமாடித் தொட்டி பத்து அடி உயரத்தில் இருந்தால் அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோதான். அடைப்பைத் தள்ளிக்கொண்டு வரும் வேகம் அதற்குக் கிடையாது.

மரை ஓரம்: எல்போ, டீ, யூனியன் பக்கத்தில் செம்புள்ளியோ, வெள்ளை உப்புக் காய்ப்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த காய்ப்பு என்றால், கசிந்து தானே அடைபட்ட ஓட்டை அங்கே இருக்கிறது. அதைச் சுரண்டாதீர்கள், சுரண்டினால் அப்போதே பீச்சும்.

சுவர் ஈரம்: பெயின்ட் பொரிவதும் பூச்சு உப்புவதும் மழையில்லாத மாதத்திலும் தொடர்ந்தால் சுவருக்குள் ஓடும் லைனைச் சந்தேகப்படுங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடித் தொட்டியின் மட்டத்தைக் குறித்து, காலையில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

சுடுதண்ணீர் லைன்: 60 டிகிரிக்கு மேல் சூடானால் சில தண்ணீரில் துத்தநாகம் காவல் காப்பதை விட்டுவிடுகிறது, இரும்பே முதலில் அரிக்கத் தொடங்குகிறது. அதனால் கீசரிலிருந்து போகும் ஜி.ஐ. பைப் மற்றதைவிட முந்திக் கெடும். பச்சைத் தண்ணீர் தாராளமாக வந்து சுடுதண்ணீர் மட்டும் நூலாக வந்தால் அந்த லைனை முதலில் மாற்றுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் குறைந்தவுடனே பைப்தான் காரணம் என்று சுவரைக் கொத்த வேண்டாம். கேட் வால்வு பாதியில் சிக்கியிருக்கலாம், தொட்டியின் அடியில் சேறு கட்டியிருக்கலாம், குழாயின் வடிகட்டி அடைத்திருக்கலாம், லைனில் காற்று பிடித்திருக்கலாம். இந்த நான்கையும் சரிபார்த்த பிறகே பைப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

போர் தண்ணீர் போய் ஆற்றுத் தண்ணீர் வரும்போது

கொள்ளிடக் கூட்டுக் குடிநீர் நம் பகுதிக்கு வருவதும், 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு இணைப்பு கிடைப்பதும் பெரிய நன்மை. ஆனால் வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஓடிய பழைய ஜி.ஐ. லைனில் திடீரென்று ஆற்றுத் தண்ணீரை விடுவதில் ஒரு சங்கடம் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரம் அதை ஊரே அறியும்படி பட்டது. நிலத்தடி நீரையே நம்பியிருந்த அந்த ஊருக்கு 1992 நவம்பரில் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் வந்தது. தண்ணீரின் குணம் மாறியதும், பழைய வீடுகளின் ஜி.ஐ. பைப்புக்குள் இறுகிக் கிடந்த துரு பெயர்ந்து, குழாய்களில் செந்தண்ணீராகக் கொட்டியது. பைப்புகள் உடைந்தன, துணிகள் கெட்டன, மக்கள் கொதித்தார்கள். 1994-ல் ஆற்றுத் தண்ணீரை நேராக விடுவதை நகராட்சி நிறுத்தியது. 1995-ல் ஓட்டெடுப்பு நடத்தி அதைச் சட்டமாகவும் ஆக்கினார்கள்.

புது இணைப்பு கிடைத்தவர்கள் அந்தத் தண்ணீரைப் பழைய ஜி.ஐ. லைனில் கலக்காமல், சமையலறைக்குத் தனியாக ஒரு புது லைன் இழுத்துக்கொள்ளுங்கள். செலவும் குறைவு, குடிக்கும் தண்ணீரும் பழைய துருவைத் தொடாது.

ஈயத்தைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. பழைய காலத்துத் துத்தநாகப் பூச்சில் ஒரு சதவீதம்வரைகூட ஈயம் கலந்திருப்பதுண்டு. பூச்சு கரையும்போது அதுவும் தண்ணீருக்கு வரலாம் என்று 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நம் தரநிர்ணயத்தில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது என்பதால்தான் இவ்வளவு கறார். பழைய ஜி.ஐ. லைன் உள்ள வீட்டில் காலை முதல் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள், சமையலுக்குப் பிடிக்காதீர்கள். கீசர் தண்ணீரில் உலை வைக்காதீர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், சமையலறை லைனை மாற்றுவதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

மாற்றும்போது

ஒரு கசிவு வந்தால் அந்த இடத்தைச் சரிசெய்யலாம். சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டுவதும் எம்-சீல் வைப்பதும் ஒரு வாரத் தீர்வுதான். அதே லைனில் இரண்டாவது கசிவு வந்தால் அந்த லைன் முழுவதையும் மாற்றிவிடுங்கள். ஒரே நாளில் போட்ட, ஒரே தண்ணீர் ஓடிய பைப் முழுக்க ஒரே அளவில்தான் தேய்ந்திருக்கும். நடுவில் ரெண்டு அடியை வெட்டிப் புதுசு போட பைப் ரெஞ்ச் போட்டு முறுக்கினால், அந்த அதிர்ச்சியில் பக்கத்து மரை விடும்.

வேலையைத் தொட்டியிலிருந்து கீழ்நோக்கிச் செய்யுங்கள். மேலே பழையதை விட்டுவிட்டுக் கீழே புதுசு போட்டால், மேலிருந்து வரும் துரு புது லைனிலும் குழாயிலும் தங்கும். சுவருக்குள் இருக்கும் பழைய பைப்பைத் தோண்டி எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு முனையையும் பிளக் அடித்து அப்படியே விட்டுவிட்டு, புது லைனை வெளிச்சுவரில் கொண்டுபோகலாம். டைல்ஸும் தப்பும், கொத்தனார் கூலியும் மிச்சம்.

பச்சைத் தண்ணீருக்கு யு.பி.வி.சி. போதும். சுடுதண்ணீருக்கு ஐ.எஸ். 15778 முத்திரை உள்ள சி.பி.வி.சி. போடுங்கள். நம் ஊர் வெயிலில் திறந்து கிடந்தால் பிளாஸ்டிக் பைப் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். மொட்டைமாடியில் ஓடும் பைப்புக்குத் தண்ணீரில் கரையும் பெயின்ட் அடித்துவிடுங்கள். பசை போட்ட இணைப்பை முழுசாக உலர விட்டு, பிறகு லைனை நன்றாக அலசி, அதன் பின்பே குடிக்கப் பிடியுங்கள்.

எலக்ட்ரீஷியனையும் அதே நாளில் கூப்பிடுங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் கம்பியைத் தண்ணீர் பைப்பிலேயே கட்டியிருப்பார்கள். அந்த இரும்பை எடுத்துப் பிளாஸ்டிக் போட்டுவிட்டால் வீட்டுக்கு எர்த் இல்லாமல் போகும். கீசரும் கிரைண்டரும் ஓடும் வீட்டில் அது உயிருக்கு ஆபத்து. தனி எர்த் குழி போட்ட பிறகே பழைய பைப்பில் கைவைக்க வேண்டும்.

வெள்ளையடிக்கும்போதோ, பாத்ரூமில் டைல்ஸ் மாற்றும்போதோ, வீட்டில் விசேஷம் வைக்கும் முன்போ இந்த வேலையைச் சேர்த்துச் செய்தால் ஒரே கூலியில் முடியும். கழற்றிய இரும்பைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். கனமான பித்தளைக் குழாய்களைப் புது லைனில் மறுபடி மாட்டலாம். சுவர் ஊறி, பிளம்பர் கிடைக்காமல், கல்யாண நாளில் மோட்டாரை நிறுத்திவைத்துச் செய்யும் வேலைக்கு இதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். 1995-ஐ ஒட்டிக் கட்டிய வீடு உங்களுடையதாக இருந்து, ஐந்து சோதனைகளில் இரண்டு பொருந்தினாலும், இந்த ஆண்டு வீட்டுச் செலவுக் கணக்கில் பைப்புக்கு ஒரு தொகையை முதலிலேயே எடுத்துவையுங்கள்.