பள்ளிக்கரணை பூநாரையும் பழைய லென்சும்: "டார்ச் அடிச்சுப் பாத்தியா தம்பி?"

வேளச்சேரியில் ஒரு வாலிபர். மோட்டார் சைக்கிள் மெக்கானிக். வயது 26.

தினமும் வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சில நாட்களில் தண்ணீருக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம் நிற்கும். பூநாரைக் கூட்டம்! ரேடியல் ரோட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

"இதை ஒரு போட்டோ எடுத்து நம்ம வீட்டுச் சுவத்துல மாட்டணும்" என்பது அவர் ஆசை.

செல்போனில் எடுத்துப் பார்த்தார். வெள்ளைப் புள்ளிகள்தான் விழுந்தன. தெரிந்தவரிடம் ஒரு பழைய நிக்கான் டிஜிட்டல் காமிராவை வாங்கினார். அதோடு வந்த சின்ன லென்சிலும் பறவை கடுகு அளவுதான்.

கடைக்குப் போய் டெலி லென்சு விலை கேட்டார். தலை சுற்றியது.

பறவைப் படக்காரர்கள் தோளில் பீரங்கி மாதிரி தூக்கிப் போகிறார்களே, அந்த 600 மி.மீ. எப்-4 லென்சு புதிதாக வாங்கினால் ரூ.10 லட்சத்துக்கு மேல்! ஒரு மனையே வாங்கிவிடலாம்.

"பழைய லென்சு இருக்கு, வாங்கிக்கோ" என்றார் ஒரு வியாபாரி. கிழக்கு ஜெர்மனியில் செய்த 300 மி.மீ. லென்சு. இரண்டு கிலோ கனம். கையில் எடுத்தால் குண்டாந்தடி மாதிரி இருந்தது. விலை ரூ.9 ஆயிரம். சீட்டு எடுத்த பணத்தை அப்படியே எண்ணிக் கொடுத்தார் வாலிபர்.

பஞ்சு மிட்டாய்!

மறுநாள் விடியற்காலை பள்ளிக்கரணை. 30 படம் எடுத்தார். ஒன்று கூடத் தெளிவு இல்லை. பூநாரைகள் எல்லாம் பஞ்சு மிட்டாய் மாதிரி விழுந்திருந்தன.

லென்சின் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிட்டத்தில் இருந்த நாணல் பளிச் என்று தெரிந்தது. தூரத்துப் பறவை மட்டும் தெரியவே இல்லை.

லென்சைத் தூக்கிக்கொண்டு பாரிமுனைப் பக்கம் ஒரு மாடியில் இருக்கும் காமிரா ரிப்பேர் கடைக்கு ஓடினார். அங்கே ஒரு பெரியவர். கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டியிருந்தார்.

"எவ்ளோ குடுத்த?"

"ஒம்பதாயிரம், சார்."

"டார்ச் அடிச்சுப் பாத்தியா தம்பி?"

"இல்ல சார்."

பெரியவர் லென்சின் துவாரத்தை முழுசாகத் திறந்தார். பின்பக்கம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, முன்பக்கம் வழியாகப் பார்க்கச் சொன்னார். வாலிபர் பார்த்தார். உள்ளே சிலந்தி வலை பின்னிய மாதிரி வெள்ளை இழைகள்!

அதுதான் பூஞ்சணம்.

சென்னை காற்றே எதிரி

கடலோர ஊரில் பழைய லென்சுக்கு முதல் எதிரி இந்தப் பூஞ்சணம். காற்றில் ஈரம் அதிகம். லென்சைத் தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டிவிடுவார்கள். இருட்டும் ஈரமும் போதும், இரண்டு மழைக்காலத்தில் வலை பின்னிவிடும். பூஞ்சணம் கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றுவிட்டால், துடைத்த பிறகும் தழும்பு போகாது.

ஓரத்தில் ஒரு பொட்டு இருந்தால் பயப்பட வேண்டாம். படத்தில் தெரியாது. உள்ளே நாலு தூசி இருந்தாலும் பாதகம் இல்லை. தூசி இல்லாத பழைய லென்சு எங்கே இருக்கிறது? நடுவில் வலை பின்னியிருந்தால்தான் ஆபத்து. வெயிலுக்கு எதிராகத் திருப்பினால் படம் முழுக்கப் புகை மூட்டம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

டார்ச் சோதனை முடிந்ததும் துவாரத்தை மூடித் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தகடுகள் வெட்டுக்கிளி மாதிரி துள்ளி நகர வேண்டும். எண்ணெய் படிந்து மினுமினுத்தால் மெதுவாக ஒட்டிக்கொண்டு நகரும். அப்புறம் குவி வளையம். சில லென்சுகளில் கிரீஸ் காய்ந்துபோய் வளையம் கல்லாகக் கிடக்கும். பறக்கிற பறவையை விடுங்கள், தூங்குகிற ஆந்தையைக் கூட அதில் பிடிக்க முடியாது.

கண்ணாடி நல்லா இருந்தாலும் வேலைக்கு ஆகாது!

பெரியவர் அடுத்த குண்டைப் போட்டார்.

"பூஞ்சணம் இல்லாட்டியும் இது உன் காமிராவுக்கு ஆகாது தம்பி."

வாலிபர் திகைத்தார். "கடையில போட்டுக் காட்டினாங்களே சார். எதிர்ச் சுவத்துல இருந்த காலண்டர் பளிச்சுன்னு தெரிஞ்சுதே!"

"காலண்டர் தெரியும். கடலு தெரியாது."

விஷயம் இதுதான். லென்சு உட்காரும் வாயில் இருந்து, படம் விழும் பரப்பு வரைக்கும் ஒவ்வொரு கம்பெனி காமிராவுக்கும் ஒரு கணக்கான இடைவெளி உண்டு. மரை போட்டுத் திருகும் அந்தக் கால 'எம்-42' லென்சுகளுக்கு இது 45.46 மி.மீ. நிக்கான் காமிராவுக்கு 46.5 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். நடுவில் போடும் வளையத்தின் கனமும் சேர்ந்தால் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போகும்.

இந்த இரண்டு மில்லிமீட்டர் என்ன செய்யும்? 300 மி.மீ. லென்சு சுமார் 45 மீட்டருக்கு மேல் தெளிவாகப் பார்க்காது. 200 மி.மீ. லென்சு என்றால் 20 மீட்டரோடு சரி. பூநாரை 100 மீட்டருக்கு அப்பால் நிற்கிறது. பஞ்சு மிட்டாய் ஆகாமல் என்ன செய்யும்?

சில வளையங்களில் இதைச் சரிக்கட்ட ஒரு குட்டிக் கண்ணாடி வைத்து விற்கிறார்கள். அது படத்தின் கூர்மையைக் கெடுத்துவிடும். கூர்மைக்காக லென்சு வாங்கிவிட்டு அதன் பின்னால் சோடாபுட்டியை வைப்பதா?

கேனன் இ.ஓ.எஸ். காமிராக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்கள் காமிராவின் இடைவெளி 44 மி.மீ.தான். மரை லென்சு, நிக்கான் லென்சு இரண்டையும் வெறும் வளையம் போட்டே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் கேனனின் சொந்தப் பழைய 'எப்.டி.' லென்சு அதில் ஒழுங்காக உட்காராது! 1987-ல் கேனன் தன் வாயையே மாற்றிக்கொண்டதால் வந்த வினை. இப்போது வரும் 'மிரர்லெஸ்' காமிராக்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இடைவெளி 20 மி.மீ., அதற்கும் குறைவு. எந்தப் பழைய லென்சுக்கும் வளையம் உண்டு.

எனவே காலண்டரைப் பார்த்து ஏமாறக் கூடாது. கடையை விட்டு வெளியே வந்து தூரத்தில் தெரியும் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். பாரிமுனைக்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஐகோர்ட்டு கலங்கரை விளக்கக் கோபுரம் இருக்கவே இருக்கிறது. அதன் உச்சி கத்தி மாதிரி தெரிந்தால்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

துப்பாக்கி லென்சு

நல்ல லென்சுகள் ஏன் சல்லிசாகக் கிடைக்கின்றன? தானாகக் குவியும் லென்சு 1985-க்குப் பிறகு வேகமாகப் பரவியது. கையால் திருகும் லென்சுகளை எல்லாம் பரணில் போட்டுவிட்டார்கள். அதில் உள்ள கண்ணாடி கெட்டுப் போகவில்லை. மவுசுதான் போயிற்று.

மாஸ்கோ பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்த 'டாயிர்-3' என்ற 300 மி.மீ. லென்சு உண்டு. எப்-4.5. அதைத் துப்பாக்கிக் கட்டையில் பூட்டி, தோளில் அண்டக் கொடுத்து, விசையை இழுத்தால் படம் விழும். பெயரே 'போட்டோ ஸ்னைப்பர்'! பார்ப்பதற்கு வேட்டைக்காரன் மாதிரிதான் இருக்கும். காட்டுக்குள் அதைத் தூக்கிப் போனால் வனக் காவலர் படம் எடுக்கும் முன் நம்மைப் பிடித்துவிடுவார். ஆனால் லென்சு நல்ல லென்சு. நிக்கான் வைத்திருப்பவர் மட்டும் மேலே சொன்ன மரைக் கணக்கை மறக்க வேண்டாம்.

"500 மி.மீ. கண்ணாடி லென்சு மலிவா வருதே சார், அது எப்படி?" என்று வாலிபர் கேட்டார்.

ரஷிய விஞ்ஞானி மக்சுதோவ் 1941-ல் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி வளைந்த ஆடி வைத்து ஒளியை மடக்கி அனுப்புவார்கள். அதனால் லென்சு குட்டையாக இருக்கும். அந்த முறையில் செய்த 'எம்.டி.ஓ.' லென்சு 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பரிசு வாங்கியது. ஜப்பானின் டாம்ரான் 500 மி.மீ. ஆடி லென்சு அரை கிலோவுக்குச் சற்று மேல்தான்.

ஆனால் துவாரம் எப்-8-லேயே நிலையாக இருக்கும். திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. விடியற்காலையில் வெளிச்சம் போதாது. பின்னால் தண்ணீர் மின்னினால் ஒவ்வொரு மினுக்கமும் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு விழும்! வெயில் ஏறிய பிறகு தூக்கலாம் என்றால், சதுப்பு நிலத்தில் கானல் ஆடும். படமும் ஆடும். முதல் லென்சாக இதை வாங்கச் சொல்ல நமக்கு மனசு வரவில்லை.

300 போதுமா?

போதும். சின்ன டிஜிட்டல் காமிராக்களில் படம் விழும் தகடு சிறியது. அதனால் 300 மி.மீ. லென்சு 450 மி.மீ. போலப் பார்க்கும். எப்-4, எப்-4.5 என்றால் காலை வெளிச்சத்துக்கும் தாங்கும். அந்தக் காலத்தில் 100 ஏ.எஸ்.ஏ. பிலிமை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். இன்றைய காமிராவில் ஐ.எஸ்.ஓ.வை 1600-க்குத் தள்ளினால் 1/500 வினாடி தாராளமாகக் கிடைக்கும். லென்சைப் பெருக்கிக் காட்டும் 'டபுளர்' வேண்டவே வேண்டாம். எப்-4 லென்சு அதைப் போட்டதும் எப்-8 ஆகிவிடும்.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா நிறக் கரை கட்டும். பழைய டெலி லென்சுகளின் வியாதி அது. துவாரத்தை எப்-8-க்கு மூடினால் கூர்மை கூடும், ஊதா அவ்வளவாகப் போகாது. வண்ணம் போனால் போகட்டும் என்று கறுப்பு-வெள்ளையாக மாற்றிவிடுபவர்களும் உண்டு.

கறுப்பு-வெள்ளை என்றதும் சென்னைக்காரர்களுக்கு மா.கிருஷ்ணன் நினைவு வர வேண்டும். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். 1996-ல் மறைந்தார். யானைகளையும் காட்டு விலங்குகளையும் கறுப்பு-வெள்ளையில் படம் பிடித்த அவரிடம் இருந்தது என்ன தெரியுமா? ஒரு காமிராவின் உடல், வேறொன்றின் டெலி லென்சு, இன்னும் சில உதிரிகள். எல்லாவற்றையும் தானே பூட்டிச் செய்துகொண்ட ஒட்டுக் காமிரா! அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் பாண்டரோசா'.

கம்பத்தில் கண்

வாலிபர் கதைக்கு வருவோம். வியாபாரியோடு மல்லுக்கட்டி ரூ.6 ஆயிரம் திரும்ப வாங்கினார். மூவாயிரம் போனது போனதுதான்.

பெரியவர் சொன்னபடி நிக்கான் காமிராவுக்கு நிக்கான் லென்சையே தேடினார். இரண்டு மாதம் அலைந்தார். 300 மி.மீ. எப்-4.5 நிக்கார் ஒன்று கிடைத்தது. ஒரு கிலோவுக்கு மேல் கனம். உடம்பு முழுக்கக் கீறல். பெயிண்ட் உதிர்ந்திருந்தது. டார்ச் அடித்தால் உள்ளே தண்ணீர் மாதிரி சுத்தம். வளையம் எதுவும் வேண்டாம், நேராக மாட்டிக்கொண்டது.

(நிக்கான் லென்சு தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 1977-க்கு முந்திய லென்சுகளின் அடி விளிம்பு, சில பெரிய நிக்கான் காமிராக்களின் பல்லை உடைத்துவிடும். மாட்டும் முன் விசாரியுங்கள். சின்ன மாடல்களில் பயம் இல்லை.)

சின்ன மாடலில் வேறு தொல்லை. பழைய லென்சைப் போட்டால் உள்ளே இருக்கும் ஒளிமானி தூங்கிவிடும். வெளிச்சத்தைத் தானே கணக்குப் போட வேண்டும். ஒரு படம் எடுப்பார், திரையைப் பார்ப்பார், கூட்டுவார், குறைப்பார். குவிந்துவிட்டதா என்று சொல்ல காமிராவுக்குள் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அது மட்டும் வேலை செய்கிறது.

"பறவையைத் துரத்தாதே. அது வந்து உக்காரும் கம்பத்துல குவி. அப்புறம் கையை எடுத்துடு" என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

தண்ணீரில் நட்டிருந்த ஒரு மூங்கில் கழியில் குவித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் குந்தியிருந்தார். மீன்கொத்தி வந்தது. உட்கார்ந்தது. கிளிக்! அலகில் மீன், மீனின் கண் வரைக்கும் தெரிந்தது.

பூநாரை இன்னும் வாய்க்கவில்லை. லென்சு ஆடாமல் இருக்க, பழைய பேண்ட் காலை வெட்டித் தைத்து உள்ளே நெல் நிரப்பி ஒரு திண்டு செய்திருக்கிறார். பைக் சீட் மேல் திண்டு, திண்டு மேல் லென்சு.

பழைய ஜெர்மன் லென்சு வியாபாரியிடமே திரும்பிப் போய்விட்டது. எதிர்ச் சுவரில் காலண்டரும் அப்படியே தொங்குகிறதாம்.